கவர்மெண்ட் வைத்தியமா பிரைவேட் வைத்தியமா: எந்த நாட்டுல யாரு காசு கட்டுறா, யாரு ரேட் போடுறா?

கவர்மெண்ட் வைத்தியம் நல்லதா பிரைவேட் நல்லதான்னு எங்க பேச்சு ஆரம்பிச்சாலும் சரி, ஒருத்தர் இங்கிலாந்தை பாருங்க எல்லாமே ஃப்ரீம்பாரு, இன்னொருத்தர் ஃப்ரீதான், ஆனா ஆபரேஷனுக்கு மாசக்கணக்கா காத்துக் கிடக்கணும்பாரு, மூணாவது ஆளு அமெரிக்காவுல ஆம்புலன்ஸ்ல ஏறுனாலே சேமிப்பு காலின்னு ஆரம்பிச்சிருவாரு. மூணு பேரு சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா உலகத்துல இருக்கற அத்தனை நாட்டையும் கவர்மெண்ட், பிரைவேட்னு ரெண்டே கட்சியா பிரிச்சுப் பாக்கறதுலதான் குழப்பமே ஆரம்பிக்குது.

ஜப்பானை எடுத்துக்கங்க. அங்க ஹாஸ்பிட்டல்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் தனியாருது. ஆனா இன்சூரன்ஸ்ல சேராம இருக்கறதுக்கு யாருக்கும் அனுமதி இல்ல, ஒவ்வொரு ஊசிக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ரேட் போடுறது கவர்மெண்ட். இங்கிலாந்துல எல்லாமே கவர்மெண்ட்னு நினைக்கிறோம், ஆனா காய்ச்சல் வந்தா முதல்ல போய்ப் பாக்கற ஜிபிங்கிற குடும்ப டாக்டர் பெரும்பாலும் அரசு ஊழியரே கிடையாது, சொந்தமா கிளினிக் நடத்தி, என்ஹெச்எஸ்ங்கிற அரசு வைத்திய அமைப்புகிட்ட கான்ட்ராக்ட் எடுத்தவரு. அமெரிக்கா முழுக்க பிரைவேட்னு சொல்றாங்களே, அந்த ஊரு மொத்த வைத்தியச் செலவுல பாதிக்கு நெருக்கமா போடுறது கவர்மெண்ட்தான்!

அதனால அந்த ஒரு கேள்வியை மூணா உடைச்சுக்கணும். காசு யாரு போடுறா? ஹாஸ்பிட்டல் யாருது, டாக்டருக்கு சம்பளம் யாரு குடுக்கறா? ரேட்டை யாரு முடிவு பண்றா? முதல் ரெண்டைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, மூணாவதை யாரும் கண்டுக்க மாட்டாங்க. எனக்கு என்னவோ அந்த மூணாவதுதான் ரொம்ப முக்கியம்னு தோணுது, ஏன்னு போகப் போக சொல்றேன்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். ஃபோன் வாங்கற மாதிரி வைத்தியத்தையும் அவங்கவங்க காசுக்கு ஏத்த மாதிரி வாங்கிக்கட்டும்னு ஏன் விட முடியல? நோய் எப்ப வரும்னு தெரியாது, வந்தா எவ்வளவு ஆகும்னும் தெரியாது, நெஞ்சு வலிக்கும்போது நாலு ஹாஸ்பிட்டல் ஏறி இறங்கி விலை விசாரிக்க முடியாது, அதுக்கும் மேல உங்களுக்கு என்ன தேவைங்கிறதை சொல்றவரும் அதை விக்கறவரும் ஒரே ஆளு. கென்னத் ஆரோங்கிற பொருளாதார நிபுணர் 1963லயே இதை விலாவாரியா எழுதி வச்சிட்டாரு. இன்னொன்னு, செலவு எல்லாருக்கும் சமமா வராது. அமெரிக்கக் கணக்குல ஒரு வருஷத்துல அதிகமா செலவாகுற 5 சதவீதம் பேருக்கே மொத்தச் செலவுல பாதி போகுது. அந்த 5 சதவீதத்துல அடுத்த வருஷம் யாரு இருப்பான்னு முழுசா சொல்ல முடியாது. அதனால எல்லாரும் ஒரு பொது உண்டியல்ல காசு போட்டு, தேவைப்படறவங்களுக்கு அதுலேர்ந்து எடுத்துக் குடுக்கறதைத் தவிர வேற வழி கிடையாது.

ஆனா உண்டியல்ல சேர்றதும் சேராததும் உங்க இஷ்டம்னு விட்டா என்ன ஆகும்? திடகாத்திரமா இருக்கறவங்க எனக்கெதுக்குன்னு ஒதுங்கிப்பாங்க, நோயாளிங்க மட்டும் ஓடி வந்து சேருவாங்க, செலவு ஏறும், பிரீமியத்தை ஏத்துவாங்க, அதைப் பாத்து இன்னும் கொஞ்சம் ஆரோக்கியமானவங்க கழண்டுக்குவாங்க, பிரீமியம் மறுபடி ஏறும், கடைசியில திட்டமே படுத்துரும். இல்லன்னா கம்பெனி உஷாராகி, சுகர் இருக்கா, உங்களுக்கு பாலிசி கிடையாதுன்னு சொல்லிரும். பணக்கார நாடுகள் முக்கால்வாசி எல்லாரும் சேர்ந்தே ஆகணும்னு கட்டாயம் வச்சதுக்கு காரணம் இதுதான், கொள்கை கோஷமெல்லாம் அப்புறம்தான் வந்துச்சு. சேர்க்கற விதத்துலதான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

ஜெர்மனியில சான்சலரா இருந்த பிஸ்மார்க் 1883ல கொண்டு வந்ததுதான் இதுல ரொம்பப் பழசு, தொழிலாளிங்களுக்கான நோய்க்கால இன்சூரன்ஸ் சட்டம். அவரு ஒண்ணும் சோஷலிஸ்ட் கிடையாது, சோஷலிஸ்டுங்க பக்கம் தொழிலாளிங்க சாயாம இருக்கணும்னு போட்ட கணக்கு அது. இன்னைக்கும் அதே அஸ்திவாரம்தான்: சம்பளத்துல 14.6 சதவீதமும் அதுக்கு மேல ஒரு கூடுதல் தொகையும், பாதி உங்க பங்கு பாதி முதலாளி பங்கு. அது போய்ச் சேர்றது கவர்மெண்ட் கஜானாவுக்கு இல்ல, கிரான்கன்காசேன்னு சொல்ற லாபநோக்கமில்லாத இன்சூரன்ஸ் அமைப்புகளுக்கு. சம்பளம் ஏறுனா ஒரு வரம்பு வரைக்கும் பங்கும் ஏறும், உங்களுக்கு என்ன நோய் இருக்குங்கிறதை வச்சு ஏறாது, வருமானம் இல்லாத கணவன் இல்ல மனைவி, பிள்ளைங்க எல்லாருக்கும் தனியா கட்ட வேண்டாம். சுமார் 90 சதவீதம் பேர் இதுலதான் இருக்காங்க. நல்ல சம்பளம் வாங்கறவங்க வேணும்னா இதுலேர்ந்து வெளிய போய் பிரைவேட் இன்சூரன்ஸ் எடுக்கலாம். அங்க வயசையும் உடல்நிலையையும் பாத்துதான் பிரீமியம் போடுவாங்க, டாக்டருக்கும் ஒரே வேலைக்கு கூடுதல் ஃபீஸ் கிடைக்கும். அதனாலதான் அங்க ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு ஃபோன் போட்டா, என்ன பிரச்சனைன்னு கேக்கறதுக்கு முன்னாடியே அரசு இன்சூரன்ஸா பிரைவேட்டான்னு கேக்கறதா ஜெர்மன்காரங்களே புலம்புறாங்க.

இங்கிலாந்து வேற ரூட்டு. 1948 ஜூலை 5ஆம் தேதி என்ஹெச்எஸ் ஆரம்பிச்சப்போ இன்சூரன்ஸ் கார்டு பிரீமியம்ங்கிற பேச்சே இல்ல, வரிப்பணத்துல நடக்கும், ஹாஸ்பிட்டலும் அரசோடது, நோயாளி வாசல்ல காசு குடுக்க வேண்டாம். அப்ப சுகாதார அமைச்சர் அனைரின் பெவன். பெரிய டாக்டருங்க எல்லாம் முறைச்சுக்கிட்டு நின்னாங்க, அவங்களை சமாதானப்படுத்த என்ஹெச்எஸ் வேலையோட தனியா பிரைவேட் பிராக்டிஸும் பண்ணிக்கங்கன்னு விட்டுக்குடுத்தாரு, அது இன்னைக்கு வரைக்கும் தொடருது. முழுக்க ஃப்ரீங்கிறதும் ரொம்ப நாள் நிக்கல, பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பணம் வாங்கறதுன்னு 1951ல முடிவெடுத்ததும் பெவன் பதவியையே தூக்கி எறிஞ்சாரு. இப்ப இங்கிலாந்துல மருந்துச் சீட்டுல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு கட்டணம் உண்டு, வயசானவங்க குழந்தைங்கன்னு பெரிய கூட்டத்துக்கு விலக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல அதுவும் கிடையாது.

கனடா இது ரெண்டுக்கும் நடுவுல. காசு போடுறது மாகாண அரசு, டாக்டருங்க மட்டும் பெரும்பாலும் தனியா தொழில் பண்றவங்க, பாத்த நோயாளிக்கு பில் போட்டு அரசுக்கு அனுப்புவாங்க. 1962ல சஸ்காட்சுவன் மாகாணத்துல இதை முதல்ல கொண்டு வந்தப்போ டாக்டருங்க 23 நாள் ஸ்ட்ரைக் பண்ணாங்க. தைவானும் 1995ல கிட்டத்தட்ட இதே மாதிரி, ஒரே அரசு இன்சூரன்ஸ், ஹாஸ்பிட்டல் முக்கால்வாசி தனியாருதுன்னு ஏற்பாடு பண்ணிக்கிச்சு. சுவிட்சர்லாந்து 1996லயும் நெதர்லாந்து 2006லயும் இன்னொரு தினுசுல போனாங்க: எல்லாரும் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட பாலிசி வாங்கியே தீரணும், கம்பெனியும் யாரையும் வேண்டாம்னு சொல்லக் கூடாது, அடிப்படை பாலிசிக்கு நோயைப் பாத்து விலையை ஏத்தக் கூடாது. அப்ப நோயாளிங்களை நிறைய சேத்துக்கிட்ட கம்பெனி நஷ்டப்படாதான்னு கேப்பீங்க. படாது, ஏன்னா ஆரோக்கியமானவங்களை நிறைய வச்சிருக்கற கம்பெனிகிட்ட வாங்கி இவங்களுக்குக் குடுக்கற ஒரு ஏற்பாடு பின்னாடி ஓடிக்கிட்டிருக்கு. பேருக்குத்தான் பிரைவேட், உள்ள இருக்கறது பொது உண்டியலேதான்.

இப்ப ரேட் விஷயத்துக்கு வருவோம். ஜப்பான்ல ஹாஸ்பிட்டல் பில்லை வாங்கிப் பாத்தா அதுல பணக் கணக்குக்கு முன்னாடி புள்ளிக் கணக்கு இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை புள்ளி, ஒரு புள்ளிக்கு 10 யென். 2024 திருத்தத்துல ஒரு டாக்டரை முதல் தடவை பாக்கறதுக்கு 291 புள்ளி, அதாவது 2,910 யென். அதுல பொதுவா உங்க பங்கு 30 சதவீதம், சுமார் 870 யென். டோக்கியோவுல பெரிய ஹாஸ்பிட்டலா இருந்தாலும் மலையடிவாரத்து கிளினிக்கா இருந்தாலும் ஒரே பட்டியல்தான், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை உக்காந்து பேசி மாத்துவாங்க. சரி, பெரிய ஆபரேஷன்னா 30 சதவீதமே தாங்காதேன்னு தோணும், அதுக்கு மாசாந்திர உச்சவரம்பு வச்சிருக்காங்க. ரொம்ப வருஷமா இருந்த சூத்திரப்படி நடுத்தர வருமானக்காரருக்கு ஒரு மாசத்துல 10 லட்சம் யென் பில் ஆச்சுன்னா 30 சதவீதம் 3 லட்சம், ஆனா வரம்பு இருக்கறதால அவரு கட்டுறது 87,430 யென்தான். வயசானவங்களுக்கு இதைவிடக் கம்மி.

இதுல குறையே இல்லையான்னா இருக்கு. ரேட்டை இறுக்கிப் பிடிச்சா டாக்டர் எண்ணிக்கையில ஈடுகட்டப் பாப்பாரு, மூணு மணி நேரம் காத்திருந்து மூணு நிமிஷம் டாக்டரைப் பாக்கறோம்னு ஜப்பான்காரங்க ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்கற குறை அது. ஆனா பில்லைப் பாத்து மயக்கம் வராது.

அமெரிக்காவுல ரேட்டை யாரு போடுறாங்கிறதுக்கு ஒரே பதில் கிடையாது, அங்கதான் சிக்கலே. அரசு திட்டமான மெடிகேர் ஒரு ரேட் குடுக்கும், ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒவ்வொரு ஹாஸ்பிட்டல்கூட தனித்தனியா பேரம் பேசும், இன்சூரன்ஸே இல்லாதவருக்கு ஹாஸ்பிட்டலோட சொந்தப் பட்டியல் ரேட். ஒரே கட்டடத்துல ஒரே எம்ஆர்ஐ மெஷின்ல அடுத்தடுத்துப் படுத்து எந்திரிக்கற ரெண்டு பேருக்கு சம்பந்தமே இல்லாத ரெண்டு தொகை வரும். இன்சூரன்ஸ்லேர்ந்து வர்ற தாளைப் பாத்தீங்கன்னா ஹாஸ்பிட்டல் கேட்டது ஒரு நம்பர், கம்பெனி ஒத்துக்கிட்டது வேற நம்பர், உங்க தலையில விழுறது மூணாவது நம்பர். உதாரணத்துக்கு கம்பெனி ஒத்துக்கிட்டது 10,000 டாலர், உங்க பாலிசியில டிடக்டிபிள் 2,000, அதாவது முதல் 2,000 வரைக்கும் உங்க கைக்காசுன்னு வச்சுக்கங்க. மிச்சம் 8,000ல 20 சதவீதம் உங்க பங்குன்னு எழுதியிருந்தா அது 1,600. ஆக இன்சூரன்ஸ் இருந்தும், மாசாமாசம் பிரீமியம் கட்டியும், 3,600 டாலர் நீங்கதான் கட்டணும். அதுவும் அந்த ஹாஸ்பிட்டல் உங்க இன்சூரன்ஸ் கம்பெனியோட நெட்வொர்க்ல, அதாவது கம்பெனி ரேட் பேசி வச்சிருக்கற பட்டியல்ல, இருந்தாதான் இந்தக் கணக்கு. ஹாஸ்பிட்டல் நெட்வொர்க்ல இருக்கும், மயக்க மருந்து குடுத்த டாக்டர் நெட்வொர்க்ல இருக்க மாட்டாரு, அவரு தனியா ஒரு பில் அனுப்புவாரு! இந்தக் கூத்தை ஓரளவுக்கு அடக்கவே 2022 ஜனவரியிலேர்ந்து தனிச் சட்டம் வர வேண்டியிருந்துச்சு.

அந்த நாடு இப்படி ஆனதுக்கு பெரிய திட்டமெல்லாம் இல்ல, பாதி எதேச்சையா நடந்தது. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, 1942ல, சம்பளத்தை ஏத்தக் கூடாதுன்னு கவர்மெண்ட் தடை போட்டுச்சு, ஆள் கிடைக்காத கம்பெனிங்க சம்பளத்துக்கு பதிலா இன்சூரன்ஸ் தர்றோம் வாங்கன்னு கூப்பிட்டாங்க, அதுக்கு வரியும் இல்லன்னு ஆனதும் அதுவே நிரந்தரமாயிருச்சு. விளைவு, வேலை போனா இன்சூரன்ஸும் போகுது. வயசானவங்களுக்கு மெடிகேர், ஏழைங்களுக்கு மெடிகெய்டுன்னு 1965ல ரெண்டு அரசுத் திட்டம் கொண்டு வந்தாங்க, 2010ல ஒபாமா காலத்துச் சட்டம் இன்னும் கோடிக்கணக்கான பேரை உள்ள இழுத்துச்சு, அப்படியும் சுமார் 8 சதவீதம் பேர் வெளியதான் நிக்கறாங்க. இத்தனைக்கும் ஜிடிபியில 17 சதவீதத்துக்கு மேல வைத்தியத்துக்குப் போகுது, ஜெர்மனியில அது சுமார் 12, ஜப்பான்லயும் பிரிட்டன்லயும் சுமார் 11. அமெரிக்கக்காரங்க அடிக்கடி டாக்டர்கிட்ட ஓடுறாங்கன்னு இல்ல, ஒவ்வொரு வேலைக்கும் விலை அதிகம், பில் போடுறதுக்கும் பேரம் பேசுறதுக்கும் ஒரு படையே உக்காந்திருக்கு. மருந்து விஷயத்துல இன்னும் மோசம், 2003 சட்டத்துல மெடிகேர் மருந்துக் கம்பெனிங்ககிட்ட விலை பேசவே கூடாதுன்னு எழுதி வச்சிருந்தாங்க, 2022லதான் அதைத் தளர்த்துனாங்க, முதல் 10 மருந்துக்கு பேசி வச்ச விலை 2026லதான் அமலுக்கு வருதுன்னா பாத்துக்கங்க.

ஆயுசை வச்சு எந்த முறை ஜெயிச்சதுன்னு பாக்கலாமான்னு சிலர் கேப்பாங்க. ஜப்பான்ல சராசரி ஆயுள் 84 வாக்குல, அமெரிக்காவுல 2023ல 78.4. ஆனா சாப்பாடு, உடல் எடை, ரோட்டு விபத்து, துப்பாக்கி, போதை மருந்துன்னு ஆயுசைத் தீர்மானிக்கறது ஏகப்பட்டது இருக்கு, எல்லாத்தையும் ஹாஸ்பிட்டல் கணக்குல எழுதுறது நியாயம் இல்ல. வைத்திய முறையை எடை போட வேற கேள்வி கேக்கணும்: காசு இல்லாததால எத்தனை பேர் டாக்டரைப் பாக்காம விடறாங்க, பில்லால எத்தனை குடும்பம் கடனாளி ஆகுது, எவ்வளவு நாள் காத்திருக்கறாங்க.

காத்திருக்கறதுன்னதும் இங்கிலாந்து ஞாபகம் வரும், வரணும். ரெஃபர் பண்ணதுலேர்ந்து 18 வாரத்துக்குள்ள 92 சதவீதம் பேருக்கு சிகிச்சை ஆரம்பிக்கணும்ங்கிறது அங்க வச்சிருக்கற இலக்கு, 2016க்கு அப்புறம் வருஷக்கணக்கா அதை எட்டவே முடியல, 2023ல வெயிட்டிங் லிஸ்ட் 77 லட்சத்தையும் தாண்டுச்சு (இது ஆள் கணக்கு இல்ல, கேஸ் கணக்கு, ஒருத்தரே ரெண்டு லிஸ்ட்ல இருக்கலாம்). ஹார்ட் அட்டாக்னு வந்தா லைன்ல நிக்க வைக்க மாட்டாங்க, இடுப்பு மூட்டு, கண்புரை மாதிரி உயிருக்கு ஆபத்தில்லாததுதான் தள்ளித் தள்ளிப் போகும், ஆனா வலியோட நடக்கறவருக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்க. கவர்மெண்ட் முறைன்னாலே லைன்தான்னு முடிவுக்கு வர வேண்டாம், ஜெர்மனியிலயும் ஜப்பான்லயும் இந்த அளவுக்கு இல்ல. எவ்வளவு பெட், எவ்வளவு டாக்டர், எவ்வளவு நர்ஸ் வச்சிருக்கோம்ங்கிற கணக்கு அது, பட்ஜெட்டை வருஷாவருஷம் கவர்மெண்டே முடிவு பண்ற நாட்டுல அந்தக் கணக்கை இறுக்கறது ரொம்ப ஈஸி. எல்லா நாட்டுலயும் யாரையாவது எப்படியாவது நிறுத்தித்தான் வைக்கறாங்க, ஒரு ஊர்ல தேதி நிறுத்தும், இன்னொரு ஊர்ல விலை நிறுத்தும். விலையால நின்னு போனவங்க பேரு எந்த வெயிட்டிங் லிஸ்ட்லயும் வராது.

சிங்கப்பூர் இந்த எதுலயும் முழுசா அடங்காது. 1984லேர்ந்து சம்பளத்துல ஒரு பங்கை மெடிசேவ்ங்கிற சொந்தக் கணக்குல கட்டாயமா சேத்து வைக்கணும், பெரிய செலவுக்கு மெடிஷீல்ட் லைஃப்ங்கிற கட்டாய இன்சூரன்ஸ், ரெண்டும் பத்தாதவங்களுக்கு மெடிஃபண்ட்ங்கிற அரசு உதவி நிதி. பெரிய ஹாஸ்பிட்டல் பெரும்பாலும் அரசோடது, அதுக்குள்ளயே வார்டு வகை பிரிச்சிருக்காங்க, சி வார்டுல பல படுக்கை, மானியம் அதிகபட்சம் 80 சதவீதம் வரைக்கும், ஏ வார்டுல தனி அறை, மானியமே கிடையாது.

கைக்காசு முறைன்னு ஒண்ணு இருக்கு, அதை யாரும் திட்டம் போட்டு வைக்கல, உண்டியல் இல்லாத இடத்துல அதுவா வர்றது. தாய்லாந்து அதுலேர்ந்து வெளிய வந்த விதம் கவனிக்க வேண்டியது. 2002ல அது ஒண்ணும் பணக்கார நாடு கிடையாது, அப்படியும் ஒரு தடவைக்கு 30 பாட் மட்டும் குடுத்தா போதும்னு வரிப்பணத்துல திட்டம் போட்டு, எந்தக் காப்பீடும் இல்லாம இருந்த கோடிக்கணக்கான பேரை ஒரே வீச்சுல சேத்துக்கிச்சு. அதுக்கு முன்னாடி பல வருஷமா கிராமப்புற ஹாஸ்பிட்டலைக் கட்டி வச்சிருந்ததாலதான் அது நின்னுச்சு, கார்டு மட்டும் குடுத்துட்டு போற இடத்துல டாக்டர் இல்லன்னா அந்தக் கார்டை வச்சு என்ன பண்றது.

கடைசியா, எந்த நாட்டுல போனாலும் கேக்கற சண்டை ஒண்ணு: வசதி இருக்கறவங்க பிரைவேட்டுக்குப் போயிட்டா கவர்மெண்ட் லைன் குறையுமே, ஏன் தடுக்கணும்? கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆஸ்திரேலியா இதை நம்பி இறங்குச்சு, 1999லேர்ந்து பிரைவேட் இன்சூரன்ஸ் எடுத்தா பிரீமியத்துல ஒரு பங்கை கவர்மெண்டே தருது, 30 வயசு தாண்டியும் எடுக்காம அப்புறம் எடுத்தா தாமதிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 2 சதவீதம் கூடுதல். பாதிக்கு நெருக்கமா ஜனங்க எடுத்துட்டாங்க, ஆனா அரசு ஹாஸ்பிட்டல்ல காத்திருக்கற லைன் ஒழிஞ்சு போகல. கனடாவுல நேர் எதிரா, கியூபெக் மாகாணத்துல அரசு திட்டத்துல இருக்கற சிகிச்சைக்கு பிரைவேட் இன்சூரன்ஸ் விக்கறதையே தடை பண்ணியிருந்தாங்க, காத்திருக்க வச்சே உயிருக்கு ஆபத்து வருதுன்னு கேஸ் போயி 2005ல சுப்ரீம் கோர்ட் அந்தத் தடை செல்லாதுன்னு சொல்லுச்சு. பிரிட்டிஷ் கொலம்பியாவுல இதே மாதிரி இன்னொரு கேஸ் வருஷக்கணக்கா நடந்து தோத்துப் போச்சு. ரெண்டு பக்கமும் வாதம் பலமாத்தான் இருக்கு, ஆனா ஒரு சின்ன கணக்கை மட்டும் விட்டுடறாங்க. மூட்டு ஆபரேஷன் பண்ற சர்ஜன் ஊருக்கு நாலு பேருதான் இருக்காங்கன்னா, அவரு சாயங்காலம் பிரைவேட்ல பண்ற ஆபரேஷன் கூடுதல் நேரத்துல பண்றதா, இல்ல கவர்மெண்ட் லிஸ்ட்லேர்ந்து குறைஞ்ச நேரமா? கூடுதல் நேரம்னா லைன் குறையும். அதே நேரம்னா லைன்ல முன்னாடி நிக்கற ஆளு மட்டும்தான் மாறும்.